நெசியன்ஸ்: ‘அறியாநிலை’ பொருந்துமா?

வணக்கம் நண்பர்களே,

நெசியன்ஸ் (nescience, ஒன்றை அறியாதிருக்கும் நிலை) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்ட இந்த இழையில் வந்திருப்பவை அஞ்ஞானம், அவித்தை, அறிவின்மை. மூன்றுமே எனக்கு ஒட்டவில்லை.

லத்தீனில் ‘ஸ்கீரே’ என்றால் அறிதல். சயன்ஸ் என்ற சொல்லும் அந்த வேர்தான். முன்னால் ‘நே’ சேர்ந்தால் அறியாதிருத்தல். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குள் வந்தது, இப்போது பேச்சில் கிடையாது. (இதே வழியில் வந்த ‘நைஸ்’ ஆங்கிலத்தில் முதலில் வசைச்சொல், முட்டாள் என்று பொருள். இன்று சொன்னால் நன்றி சொல்கிறார்கள்.)

ஆங்கிலத்தில் இக்னரன்ஸ் (ignorance) இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். 13-ஆம் நூற்றாண்டிலேயே கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் இரண்டையும் பிரித்துவிட்டார். அறியும் இயல்பு இருந்தும் அறியாமல் இருப்பது இக்னரன்ஸ். அறிவு இல்லை என்பதை மட்டும் சொல்வது நெசியன்ஸ். அந்தப் பொருளில் அது தேவதூதர்களுக்கும் உண்டு என்கிறார். ஆக, நமக்கு வேண்டியது பழி ஒட்டாத சொல்.

அறிவின்மை அங்கேயே அடிபடுகிறது. ‘அறிவின்மை இன்மையுள் இன்மை’ என்று குறள் அதைப் புல்லறிவாண்மை அதிகாரத்தில் வைத்துத் திட்டுகிறது. அவித்தைக்கு ஆதரவு இருப்பது புரிகிறது: 1890-இல் வந்த ஜார்ஜ் திபோவின் சங்கர பாஷ்ய (பிரம்ம சூத்திரத்துக்குச் சங்கரர் எழுதிய உரை) ஆங்கில மொழிபெயர்ப்பில் அவித்தைக்கு நெசியன்ஸ்தான். ஆனால் சங்கரர் வழிவந்த பிற்கால அத்வைதிகளுக்கு அவித்தை வெறும் இன்மை அல்ல, உண்மையை மறைக்கிற ஒன்று. அஞ்ஞானத்துக்கும் அதே சிக்கல். சைவ சித்தாந்தத்தில் ஆணவம் என்ற மலத்தின் இருளில் உயிர் ஒன்றும் அறியாமல் கிடப்பதற்குக் கேவலம் என்று பெயர். அருமையான சொல்தான், இன்று எழுதினால் அடிக்க வருவார்கள்.

அறியாமை? ‘அறிதோறு அறியாமை கண்டற்றால்’ (அறிய அறிய முன்பு அறியாதிருந்தது தெரிவதுபோல) என்று குறள் சொல்லும் இடத்தில் பழியே இல்லை. மிகச் சரியாகப் பொருந்தும். என்ன செய்வது, பள்ளிப் பாடம் முதல் நீதிமன்றம் வரை அது இக்னரன்ஸுக்குப் போய்விட்டது. சட்டம் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாதே, அந்த அறியாமை.

எனவே ‘அறியாநிலை’ என்று முன்மொழிகிறேன். அறியாப் பருவம், அறியாப் பிள்ளை என்கிறபோது யாரும் குறை சொல்வதில்லை. அந்த ‘அறியா’ இங்கும் வேலை செய்யும். ‘நாம் அறிந்திராத ஒரு நிலை’ என்றும் படிக்க இடமிருக்கிறது, அது குறைதான். சேர்த்தே எழுதினால் பெரும்பாலும் குழப்பம் வராது. பெயரடை வேண்டுமென்றால் ‘அறியாநிலைப்பட்ட’. இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.