புது டிஸ்க்கில் டெபியன் லினக்ஸ் பூட் ஆகவில்லை, உதவுங்கள்
வணக்கம். ஆத்தங்குடியில் எங்கள் டைல்ஸ் பட்டறைக் கணக்கு முழுவதும் ஒரு பழைய கணினியில் இருக்கிறது. கணினியைத் துவக்கும் புதுவகை ஃபர்ம்வேரான யூஇஎஃப்ஐ கிடையாது, வெறும் பழைய பயாஸ்தான். டிஸ்க் கரகரவென்று சத்தம் போடவே, காரைக்குடியில் 4 டிபி டிஸ்க் வாங்கி ஆர்சிங்க் கட்டளையில் கோப்புகளை நகலெடுத்தேன். 2 டிபிக்கு மேல் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அட்டவணை ஒத்துவராது என்பதால் புதுவகையான ஜிபிடி. எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் புது யூயூஐடியும் (பார்ட்டிஷனின் அடையாள எண்) மாற்றியாயிற்று (முதலில் அதை மறந்து ஓர் இரவு போனது தனிக்கதை).

லைவ் யூஎஸ்பியிலிருந்து, லினக்ஸைத் துவக்கிவைக்கும் பூட்லோடரான க்ரப்பை நிறுவினால், பதிக்க இடமில்லை, பயாஸ் பூட் பார்ட்டிஷன் வேண்டும் என்கிறது. நானோ டிஸ்க் முழுவதையும் ஒரே பார்ட்டிஷனாக்கித் தொலைத்துவிட்டேன்.

முன்னால் 34 முதல் 2047 வரை செக்டர்கள் சும்மா கிடக்கின்றன. அந்த 1 எம்பி இடத்தையே இஎஃப்02 (பயாஸ் பூட் பார்ட்டிஷன்) வகையாக்கினால் போதுமா? டேட்டாவுக்கு ஆபத்து வருமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன். பழைய டிஸ்க் இன்னும் எத்தனை நாள் தாங்குமோ, அப்பச்சி தினமும் கேட்கிறார்.