காக்ஸ் பிடித்தது எட்டா, ஆறா?

நாற்பத்தாறு:
நேற்று ஏஎஃப்எல் (ஆஸ்திரேலிய ஃபுட்பால்) ரக் ஆட்டக்காரர்களை, அதாவது நடுவர் விடும் பந்தை எம்பித் தட்டும் நெட்டையர்களைப் பற்றிய பேச்சில் வெள்ளைக்கோடு போகிற போக்கில் ஒன்றை எறிந்துவிட்டுப் போனார். "மேசன் காக்ஸ் அணியின் ஓரத்து ஆள். நம் காலிங்வுட் கிளப்புக்கு அவர் செய்தது ஒரே ஒரு ராத்திரி. அந்த எட்டு மார்க்கை எடுத்துவிட்டால் மிச்சம் 211 சென்டிமீட்டர் உயரம் மட்டும்தான்." படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. அதனால் தனி இழையாகவே ஆரம்பிக்கிறேன்.

2018 செப்டம்பர் 21, மெல்போர்ன் எம்சிஜி மைதானம், பிரிலிமினரி ஃபைனல், ஜெயித்தால் கிராண்ட் ஃபைனல். எதிரே ரிச்மண்ட், முந்தைய வருடத்துச் சாம்பியன். பின்வரிசையில் அலெக்ஸ் ரான்ஸ், டிலன் கிரைம்ஸ். இரண்டாவது குவார்ட்டரில் மட்டும் காக்ஸ் மூன்று கோல். ஆட்டம் முழுக்க அந்தரத்தில் பிடித்தது 11 மார்க், அதில் எட்டு கான்டெஸ்டட், எதிராளியோடு மல்லுக்கட்டிப் பிடித்தது. 97க்கு 58, நாம் ஜெயித்தோம். அந்த எட்டை "எடுத்துவிட்டால்" என்றால் என்னய்யா அர்த்தம்? ரன்னை எடுத்துவிட்டால் பிராட்மேனும் தொப்பி போட்ட ஒரு ஆள்தான்.

வெள்ளைக்கோடு:
எனக்காக ஒரு இழையே திறந்திருக்கிறார்கள், சந்தோஷம். எட்டு என்று நானே எழுதியது ஊர் சொல்வதை வைத்து. நேற்று ராத்திரி அந்த ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். உண்மையில் ஆளோடு மோதிப் பிடித்தது ஆறுதான். மற்ற இரண்டிலும் ரிச்மண்ட் ஆள் தாமதமாக வந்து முதுகைத் தொட்டதோடு சரி. அதையும் கான்டெஸ்டட் என்றால் டிராமில் நான் கம்பியைப் பிடிப்பதும் கான்டெஸ்டட் மார்க்.

நாற்பத்தாறு:
எட்டு. லீக்குக்குப் புள்ளிவிவரம் எடுக்கும் சாம்பியன் டேட்டா எண்ணியது எட்டு. அவர்கள் காசு வாங்கிக்கொண்டு எண்ணுகிறார்கள், நீங்கள் சோபாவில் சாய்ந்துகொண்டு எண்ணுகிறீர்கள்.

புதுவரவு:
அண்ணன்மாரே, நான் மெல்போர்ன் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, கிரிக்கெட் ஆள். உதைத்த பந்து தரையில் படுவதற்கு முன் பிடித்தால் மார்க், அது புரிகிறது. கான்டெஸ்டட் என்றால் எதிராளி எவ்வளவு இடிக்க வேண்டும்? அப்புறம், அணியின் ஓரத்தில் இருக்கிற ஆள் என்று யாரைச் சொல்கிறீர்கள்? அதை முதலில் முடிவு செய்துவிட்டுப் பேசினால் எனக்கும் விளங்கும்.

வெள்ளைக்கோடு:
ஆறு. சாம்பியன் டேட்டாவில் உட்கார்ந்திருப்பவர்களும் மனிதர்கள்தானே. அமெரிக்கக்காரர் காக்ஸுக்காக மைதானமே "யு-எஸ்-ஏ" என்று கத்தும்போது அவர்கள் கை நடுங்கியிருக்கும்.

மஞ்சள்கறுப்பு:
ரிச்மண்ட்காரன் ஒருவன் பேசலாமா? அந்த ராத்திரி எங்கள் நட்சத்திரம் டஸ்டின் மார்ட்டின் காயத்தோடு ஆடினார். அவர் முழுசாக இருந்திருந்தால் உங்கள் தென்னைமரம் எட்டு பிடித்தாலும் எண்பது பிடித்தாலும் கதை வேறு. தவிர, அதற்கப்புறம் நாங்கள் 2019லும் 2020லும் கோப்பை தூக்கினோம். நீங்கள் இன்னும் ஒரு பிரிலிமில் பிடித்த மார்க்கை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். எண்ணுங்கள், எண்ணுங்கள்.

நாற்பத்தாறு:
மார்ட்டினா காக்ஸுக்குக் காவல் நின்றார்? காவல் நின்றவர்களில் ரான்ஸ் இருந்தார், ஐந்து முறை ஆல் ஆஸ்திரேலியன், அதாவது வருடத்தின் சிறந்த அணியில் இடம்பிடித்தவர். நான் அன்று மேல்தட்டில் உட்கார்ந்திருந்தேன். மேலிருந்து பார்த்தால்தான் அது தெரியும். பந்து உயரமாக வரும், கீழே மூன்று பேர் கூடுவார்கள், இரண்டு மஞ்சள் கறுப்புச் சட்டை, நடுவே காக்ஸின் 46ஆம் எண் சட்டை. அவர்கள் முஷ்டியை மடக்கிக்கொண்டு எம்புவார்கள், முஷ்டி காக்ஸின் முழங்கையில் படும். பந்து அதற்கு இன்னும் ஒரு முழம் மேலே, ஏற்கெனவே அவர் உள்ளங்கையில். இரண்டாவது குவார்ட்டர் முழுக்க இதே படம். என் பக்கத்து இருக்கை ரிச்மண்ட்காரர் கடைசியில் ஸ்கார்ஃபை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவரைக் கேட்டால் சொல்வார் எட்டா ஆறா என்று.

மஞ்சள்கறுப்பு:
கண்ணை மூடிக்கொண்டவர் எப்படி எண்ணினார்?

பழைய விக்டோரியா பார்க்:
தம்பிமார், கொஞ்சம் பொறுங்கோ. நான் 1990 கோப்பையையும் பார்த்த ஆள், 32 வருடம் காத்திருந்து கிடைத்தது. நல்ல ரக் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். 2023இல் எங்கட கேப்டனாய் இருந்த டார்சி மூரின் தகப்பன் பீட்டர் மூர் 1979இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரௌன்லோ பதக்கம் வாங்கினவர், எங்கட ரக். ஓடுவார், குனிவார், தரையில் கிடக்கிற பந்தை எடுப்பார். காக்ஸுக்குப் பந்து கீழே விழுந்தால் அதோடு கதை முடிந்தது. ஓக்லஹோமாவில் பாஸ்கெட்பால் ஆடின பெடியன், 2014இல்தான் இந்தப் பந்தையே கையில் எடுத்தவன். அதுக்கு அவன் செய்தது பெரிய காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் சிலை வைக்க வேண்டாம்.

நாற்பத்தாறு:
ஐயா, சிலை யார் கேட்டார்கள்? ஒரே ராத்திரி என்று சொன்னதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதோ வரிசையாக. 2016 ஆன்சாக் டே, முதல் ஆட்டம், முதல் உதையிலேயே கோல். 2020 எலிமினேஷன் ஃபைனல், பெர்த். பையன்கள் ஊரே தெரியாமல் தனிமைப்படுத்தலில் கிடந்துவிட்டு மைதானத்துக்கு வந்தார்கள், எதிரே அந்த ஊர் அணி வெஸ்ட் கோஸ்ட், சுற்றிலும் அவர்கள் கூட்டம். முதல் குவார்ட்டரிலேயே காக்ஸ் மூன்று கோல். 76க்கு 75. ஒரு புள்ளி! ஒரு கோலுக்கு ஆறு புள்ளி என்பதாவது வெள்ளைக்கோடுக்குத் தெரியும் என்று நம்புகிறேன். அந்த மூன்றில் ஒன்று கம்பத்தில் பட்டிருந்தாலும் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்போம். இதற்கு நடுவில் இரண்டு கண்ணிலும் விழித்திரை பிரச்சினை, அறுவைசிகிச்சை மேல் அறுவைசிகிச்சை. கண்ணாடி மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார். 2023 கிராண்ட் ஃபைனல், பிரிஸ்பேனை 90க்கு 86 என்று நான்கு புள்ளியில் ஜெயித்த அணியில் டார்சி கேமரனோடு ரக் வேலையைப் பங்கு போட்டவர் யார்? உங்கள் மாமாவா?

வெள்ளைக்கோடு:
மாமாவை இழுக்க வேண்டாம். 2016 ஆன்சாக் டே எதிரணி எஸ்ஸெண்டன். ஊக்கமருந்து விவகாரத்தில் அவர்கள் அணியில் 12 பேர் அந்த வருடம் முழுக்கத் தடையில் இருந்தார்கள். அன்று கோல் அடிக்காதவன்தான் பாவம். 2020 சரி, ஒரு குவார்ட்டர். ஆக உங்கள் கணக்குப்படியே இரண்டு குவார்ட்டர். வருடக்கணக்கான ஆட்டத்தில் இரண்டு குவார்ட்டர். அந்த இரண்டில் ஒன்றிலும் எட்டு இல்லை, ஆறுதான்.

ஆறு மார்க் பிடித்தவனின் வீரத்தை அடுத்த வாரம் பார்த்தோமே. 2018 கிராண்ட் ஃபைனல், எதிரே வெஸ்ட் கோஸ்ட். கடைசி நிமிடங்கள். நாம் முன்னணியில். நம் பந்து முன்னே போகிறது, அவர்களுடைய ஜெரமி மெக்கவர்ன் பிடிக்கிறார். அங்கிருந்து வார்டி, லியம் ரயன், டாம் ஷீட். எல்லைக்கோட்டு ஓரத்திலிருந்து கோல். ஐந்து புள்ளியில் தோல்வி. மெக்கவர்ன் பிடித்தபோது 211 சென்டிமீட்டர் எங்கே போயிருந்தது?

பெர்த் கழுகு:
எங்கள் பெயர் அடிபடுகிறதே என்று வந்தேன். அந்தச் சங்கிலித் தொடரை எத்தனை முறை எழுதினாலும் அலுக்காது. நன்றி.

நாற்பத்தாறு:
வெள்ளைக்கோடு வேண்டுமென்றே ஒரு கண்ணியை விட்டுவிட்டார். ஷீட் அந்த மார்க்கைப் பிடிப்பதற்கு முன் வில்லி ரியோலி நம் பிரேடன் மேனார்டை மறித்துத் தள்ளினார். பிளாக். ஃப்ரீ கிக். நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே பார்த்தார். அதற்கும் காக்ஸ்தான் காரணமா?

பெர்த் கழுகு:
அது பிளாக் இல்லை. ரியோலி அவர் பாட்டுக்கு நின்றார், மேனார்ட் போய் மோதினார். வழியில் நிற்கக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

நாற்பத்தாறு:
சட்டத்திலேயே இருக்கிறது. மார்க் பிடிக்கப் போகிறவனைப் பந்தைப் பார்க்காமல் மறித்தால் ஃப்ரீ கிக். ஒருமுறை படித்துப் பாருங்கள். பெர்த்தில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு விற்கிறார்களோ என்னவோ.

பெர்த் கழுகு:
அதில் ஃப்ரீ கிக் கேட்டால், மூன்று பேர் தோள்மேல் சாய்ந்து காக்ஸ் பிடித்த எட்டுக்கும் எதிராளிக்கு ஃப்ரீ கிக் கொடுக்க வேண்டும். இது ரிச்மண்ட்காரருக்காகச் சொல்கிறேன்.

மஞ்சள்கறுப்பு:
உங்கள் அனுதாபம் எனக்கு வேண்டாம். மூன்று கோப்பை. 2017, 2019, 2020.

வெள்ளைக்கோடு:
கழுகும் எட்டு என்று சொல்லிப் பழகிவிட்டது. ஆறு.

பழைய விக்டோரியா பார்க்:
மேனார்டுக்கு அது ஃப்ரீ கிக்தான். அதிலே எனக்குச் சந்தேகம் இல்லை. என்ர மனுசிக்கும் இல்லை, அவ எஸ்ஸெண்டன்.

புதுவரவு:
கான்டெஸ்டட் என்றால்...

நாற்பத்தாறு:
வெள்ளைக்கோடுக்குக் காக்ஸ் மேல் ஏன் இந்தக் கோபம் என்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. சொல்லிவிடுகிறேன். இவர் நம் பழைய ரக் பிரோடி கிரண்டியின் பக்தர். கிரண்டிக்குக் கிளப் 2020இல் ஏழு வருட ஒப்பந்தம் கொடுத்தபோது இங்கே இனிப்பு வழங்காத குறை. 2022 கடைசியில் அவரை மெல்போர்ன் அணிக்கு அனுப்பியபோது இதே இடத்தில் எழுதினார்: "கேமரனையும் காக்ஸையும் வைத்துக்கொண்டு ஒரு ஃபைனல்கூட ஜெயிக்க மாட்டோம்." அடுத்த வருடமே ஃப்ளாக், அதாவது கோப்பை. முதல் ஃபைனல் யாரோடு? மெல்போர்ன் அணியோடு. 60க்கு 53, நாம்தான். அன்று கிரண்டி எங்கே? மெல்போர்ன் அணியிலேயே அவரைச் சேர்க்கவில்லை. அந்தக் கடுப்பைத்தான் இவர் காக்ஸின் தலையில் இறக்குகிறார். தலை உயரத்தில் இருப்பதால் எக்கி இறக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

வெள்ளைக்கோடு:
எழுதினேன். இன்றைக்கும் மறுக்கவில்லை. ஜெயித்தது காக்ஸால் இல்லை. பாபி ஹில் நான்கு கோல் அடித்து, கிராண்ட் ஃபைனலின் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் வாங்கினார். நிக் டைகோஸ் இருந்தார், பெண்டில்பரி இருந்தார். கூடவே மைதானத்தில் நடக்கும் யாருக்கும் பதக்கம் கிடைக்கும். அதே அணியில் பில்லி ஃப்ராம்டன் இருந்தாரே, அவருக்கும் ஒரு இழை திறப்பீர்களா? பிரிலிமில் நம் மெக்ஸ்டேயின் முழங்கால் போனதால் உள்ளே வந்தவர். பிரிஸ்பேன் பின்வரிசையின் ஹாரிஸ் ஆண்ட்ரூஸைக் கட்டிப்போடும் வேலையை வாயைத் திறக்காமல் செய்தார். ஓர ஆள் என்றால் அவர்தான் ஓர ஆள். அவருக்கு யு-எஸ்-ஏ கோஷம் இல்லை, அதனால் ரசிகரும் இல்லை.

நாற்பத்தாறு:
ஃப்ராம்டனைப் பற்றி நான் எங்கே குறை சொன்னேன்? ஃப்ராம்டன் ஓரத்திலிருந்து வந்து வேலை செய்தால் வீரம், காக்ஸ் செய்தால் ஓசிப் பதக்கமா? பிரிஸ்பேன் ரக் ஆஸ்கர் மெக்கினர்னி 204 சென்டிமீட்டர். கேமரன் மூச்சு வாங்க வெளியே போகும்போது அவர் எதிரில் போய் எம்பி நின்றது டைகோஸா? பெண்டில்பரியா? நீங்கள் பெயர் சொன்ன எல்லோருக்கும் பந்து தானாகவா வந்து விழுந்தது? அன்று சென்டரில் நடுவர் பந்தை பவுன்ஸ் செய்ததும் யாரோ ஒருவர் தட்ட வேண்டியிருந்தது. தட்டிவிட்டதைக் கணக்கில் சேர்க்காமல் ஓடியதை மட்டும் சேர்ப்பவர்களுடன் என்ன பேசுவது.

ஓவல் ஓரம்:
நான் ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் செய்கிறவன். 2021இல் நாம் 17ஆவது இடத்தில் முடித்தோம். அந்த வருடம் காக்ஸை மேல் அணிக்கும் கீழ்மட்ட லீக்கான விஎஃப்எல்லுக்கும் மாற்றி மாற்றித் தள்ளினார்கள். அப்போது நாற்பத்தாறும் "இந்த ஆளை அனுப்பிவிடலாம்" என்று எழுதியதாக ஞாபகம்.

நாற்பத்தாறு:
எழுதவில்லை. "ஃபார்வர்டில் வைக்காதீர்கள், ரக்கில் வையுங்கள்" என்றுதான் எழுதினேன். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ரொம்ப நாளாகப் படிக்கிறவர் சரியாகப் படிக்கலாம்.

ஓவல் ஓரம்:
"மூட்டை கட்டலாம்" என்ற வார்த்தை இருந்தது.

நாற்பத்தாறு:
அது அப்போதைய பயிற்சியாளர் பக்லியைச் சொன்னது.

பழைய விக்டோரியா பார்க்:
பக்லியைச் சொன்னதோ? நேதன் பக்லி இந்தக் கிளப்புக்குச் செய்ததில் கால்வாசி உங்கட காக்ஸ் செய்தானோ? கேப்டனாய் இருந்தவர், 2003இல் பிரௌன்லோ எடுத்தவர். 2018இல் அந்தக் காக்ஸை ஃபார்வர்டில் விட்டு ரிச்மண்டை உடைத்ததே பக்லியின் யோசனை. எட்டோ ஆறோ, அதில் பாதி பக்லியின் கணக்கில் எழுத வேணும்.

வெள்ளைக்கோடு:
ஐயா சொன்னது சரி. ஆறில் பாதி மூன்று. அப்படியானால் காக்ஸுக்கு மூன்று.

நாற்பத்தாறு:
எட்டில் பாதி நான்கு. அதற்கும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஐயா, பயிற்சியாளர் பலகையில் அம்புக்குறி போடுவார். மேலே ஏறிப் பிடிப்பது பலகை இல்லை. சனிக்கிழமை முழு ஆட்டத்தையும் போட்டு, ஒவ்வொரு மார்க்குக்கும் நிமிடம் நொடி குறித்து இங்கே போடுகிறேன்.

வெள்ளைக்கோடு:
போடுங்கள். முதுகைத் தொட்டதையும் சேர்த்தால் நான் ஒவ்வொன்றாக எழுதுவேன், சொல்லிவிட்டேன்.

மஞ்சள்கறுப்பு:
சனிக்கிழமை எனக்கு வேறு வேலை இருக்கிறது. 2017 கிராண்ட் ஃபைனலைப் பார்க்க வேண்டும்.

பெர்த் கழுகு:
எல்லாரும் நழுவுகிறார்கள். மேனார்ட் பந்தைப் பார்த்துக்கொண்டா ஓடினார், ரியோலியைப் பார்த்துக்கொண்டா ஓடினார்? அதை ஒருவரும் சொல்லவில்லை.

பழைய விக்டோரியா பார்க்:
பந்தை.

பெர்த் கழுகு:
ரியோலியை.