திருச்சி – கோலாலம்பூர் எத்தனை மணி நேரம்? அவசரம்

புதுவயல்காரி: டிக்கெட்டில் கிளம்புறது 12.20, இறங்குறது 6.50னு இருக்கு. ஆறரை மணி நேரம். இணையத்துல 4 மணி நேரம்னு வருது. எது சரி? ஆத்தாவுக்கு இன்சுலின் நேரம் பார்க்கணும். 14ஆம் தேதி காலைல கார் சொல்லியிருக்கேன். சீக்கிரம் சொல்லுங்க.

தேவகோட்டை ரஸ்தா: நேர் விமானமா, கொழும்பு வழியா? 12.20 பகலா, ராத்திரியா? எந்த மாசம்?

கண்டனூரான்: காற்றுதான் காரணம். எதிர்க்காற்று அடிச்சா ஆறரை ஆகும்.

கணக்கு வாத்தியார்: இது எட்டாம் வகுப்புப் பாடம். கிளம்புறது நம்ம நேரம், இறங்குறது மலேசிய நேரம். அவங்க நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னாடி. ஆறரையில் அதைக் கழிங்க, நாலு.

பள்ளத்தூர் ஐயா: தம்பி, ரெண்டு மணி நேரம்தான் வித்தியாசம். பினாங்குல கடை வச்சிருந்தப்போ அப்படித்தான் கணக்குப் பார்த்தோம்.

கணக்கு வாத்தியார்: ஐயா, அது அந்தக் காலம். 1982 ஜனவரியில் அவங்க கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால தள்ளிட்டாங்க.

கண்டனூரான்: நேர்கோட்டுல சுமார் 2,700 கிலோமீட்டர். 850 வேகத்துல மூணே கால் மணி நேரம்தானே வருது? மிச்சம் காற்று இல்லாம என்ன?

கணக்கு வாத்தியார்: ஏறவும் இறங்கவும் அந்த வேகம் வராது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போற நேரமும் டிக்கெட் கணக்குல சேரும். காற்றுன்னாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை நம்ம பக்கம் உயரத்துல அடிக்கிறது கிழக்கிலிருந்து மேற்கே. அப்போ திரும்பி வர்றதுதான் சுலபம்.

கண்டனூரான்: அப்போ காற்றும் உண்டுன்னு ஒத்துக்கிறீங்க.

தேவகோட்டை ரஸ்தா: அண்ணே, அதை அப்புறம் வச்சுக்கலாம். அந்தப் பொண்ணு பகலா ராத்திரியான்னு இன்னும் சொல்லலை.

புதுவயல்காரி: நேர் விமானம்தான். டிக்கெட்ல 00:20னு இருக்கு. ஆகஸ்ட் 14.

தேவகோட்டை ரஸ்தா: ஐயோ, அது 13ஆம் தேதி ராத்திரி தாண்டி வர்ற 12.20 ஆத்தா! 14 காலைல கார் வந்தா விமானம் போயிருக்கும். 13 சாயங்காலம் ஏழு மணிக்குள்ள கிளம்பணும். மூணு மணி நேரம் முன்னாடி அங்க இருக்கணும். புதுக்கோட்டை வழியா வந்தா டவுனுக்கு முன்னாடியே விமான நிலையம், உள்ளே நுழைய வேண்டாம்.

கொத்தமங்கலம் ஆச்சி: இன்சுலினைக் கைப்பையில வைக்கச் சொல்லும்மா, டாக்டர் சீட்டோட. பெட்டியில போட்டா குளிர்ல உறைஞ்சு வீணாகிடலாம். அன்னைக்கு நாள் இரண்டரை மணி நேரம் குறையுதுன்னு டாக்டர்ட்ட சொல்லி ஊசி நேரத்தைக் கேட்டுக்கோ. என் வீட்டுக்காரருக்கு நான் கேட்காமப் போய் ராத்திரி முழுக்கத் தவிச்சேன்.

பள்ளத்தூர் ஐயா: நாகப்பட்டினத்துல ரஜுலா கப்பல் ஏறி நாள்கணக்கா கடல்ல கிடந்தோம். இப்போ நாலு மணி நேரம்!

புதுவயல்காரி: கார் 13க்கு மாத்தியாச்சு. டாக்டர்ட்ட நாளைக்குப் போறோம். ரஸ்தா அண்ணே, ரொம்ப நன்றி.

கண்டனூரான்: இறங்கினதும் எத்தனை மணின்னு சொல்லும்மா.

புதுவயல்காரி: இறங்கிட்டாங்க. அங்கே மணி 6.40.