பவர் கண்ணாடி போட்டிருந்தும் கண்ணுக்குள்ள இரும்புத்தூள் போயிருச்சுங்க. ஏஜி4 கிரைண்டர் பிடிக்கும்போது நீங்க என்ன போடறீங்க?

பவானி_மாடித்தோட்டம்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் பள்ளிக்கூட வாத்தியார். வீட்டுக்குப் பின்னாடி சாய்ப்பு இறக்கி ஒரு சின்னப் பட்டறை வச்சிருக்கேன். ஒரு ஏஜி4 (டிஸ்க் சுத்தி இரும்பு வெட்டற கை மெஷின்), ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு வைஸ், போன பொங்கலுக்கு வாங்கின சின்ன மர லேத், அவ்வளவுதான்.

ரெண்டு வாரம் முன்னாடி ஞாயித்துக்கிழமை, தொட்டி வைக்க ஸ்டேண்டு அடிக்கலாம்னு ஒரு இஞ்ச் ஸ்கொயர் டியூப் வெட்டிட்டு இருந்தேன். மொத்தம் 14 துண்டு. ஒம்பதாவதோ பத்தாவதோ வெட்டும்போது வலது கண்ணுல மணல் விழுந்த மாதிரி இருந்துச்சு. தேய்ச்சேன், தண்ணி அடிச்சேன், மீதி நாலஞ்சு துண்டையும் வெட்டி முடிச்சேன். ராத்திரி இமை மூடினா உறுத்தல், திறந்தா தண்ணியாக் கொட்டுது. விடிய விடிய உட்கார்ந்தே இருந்தேன். காலையில கண் ஆஸ்பத்திரியில மரத்துப்போற சொட்டு விட்டு, தாடையை மெஷின்ல வைக்கச் சொல்லி, ஊசி முனையால எடுத்தாங்க. கடுகுல பத்துல ஒரு பங்கு இருக்கும். அது இருந்த இடத்துல துரு வளையம் நிக்குதுன்னு புதன்கிழமை மறுபடி வரச்சொல்லிச் சுரண்டினாங்க.

நான் பவர் கண்ணாடி போட்டிருந்தேன். லென்ஸ்ல ஒரு கீறல் இல்ல. அப்புறம் எப்படி உள்ள போச்சு? இதுதான் முதல் கேள்வி.

இன்னொண்ணு, இதைச் சொல்லாம இருக்க முடியல. டியூபோட மறுமுனையைப் பிடிச்சுட்டு நின்னது ஆறாவது படிக்கிற என் பொண்ணு. அவ வெறுங்கண்ணோட நின்னா. பொறி அவ பக்கம் போகாததால மட்டும்தான் அவளுக்கு ஒண்ணும் ஆகல. அதை நினைச்சா இப்பவும் கை நடுங்குது. இனி மெஷினைத் தொடறதுக்கு முன்னாடி சரியா ஏற்பாடு பண்ணணும். முகம் முழுக்க மூடற ஷீல்டு ஒண்ணு வாங்கினாப் போதுமா, காகிள்ஸும் வேணுமா? மர லேத்துக்கும் அதே போதுமா?

பீளமேடு_டர்னர்:

சார், முதல்ல கண்ணு தேறி வந்ததுக்கு சந்தோசம்ங்க. நான் 31 வருசம் லேத்துல நின்னவன். பம்ப்செட் காஸ்டிங் கடைசல்தான் பெரும்பாலும். என் இடது கண்ணுல ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கு, 1987ல வந்தது. ராத்திரி எதுக்க வர்ற வண்டி லைட்டு இன்னமும் அந்தக் கண்ணுல சிதறித்தான் தெரியும். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

உங்க லென்ஸ்ல கீறல் இல்லாததுலயே பதில் இருக்குதுங்க. தூள் லென்ஸ் வழியா வரல. கன்னத்துல பட்டுத் தெறிச்சு, கண்ணாடிக்கும் கன்னத்துக்கும் நடுவுல இருக்கற சந்து வழியா ஏறியிருக்கு. இல்லாட்டி பக்கவாட்டுல நுழைஞ்சு லென்ஸோட உள்பக்கம் பட்டுத் திரும்பியிருக்கு. பவர் கண்ணாடிக்குக் கீழே சுண்டு விரல் போகும். விரல் போற இடத்துல தூள் போகாதுங்களா? கண்ணாடி வாங்கும்போது லென்ஸ் எவ்வளவு கெட்டின்னு எல்லாரும் பார்க்கறாங்க. ஓரத்துல சந்து எவ்வளவுன்னு பார்க்கறவங்க குறைவு.

வேகத்தைச் சொல்றேன். நாலு இஞ்ச் டிஸ்க் நிமிசத்துக்கு 11,000 சுத்து சுத்துதுன்னா அதோட விளிம்பு நொடிக்கு 57 மீட்டருக்கு மேல ஓடுது. மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுது. பொறி அணைஞ்சு காத்துல மிதந்து வர்றது ஒரு ரகம். டிஸ்க்கே உடைஞ்சு துண்டு வந்தா அது வேற ரகம். காகிள்ஸ்ல ஐரோப்பியத் தரத்துக்கு ஈஎன் 166னு போட்டு, பக்கத்துல எஃப், பி மாதிரி எழுத்து இருக்கும். 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை நொடிக்கு 45 மீட்டர் வேகத்துல அடிச்சுத் தாங்கினா எஃப், 120 மீட்டர் வேகத்துல தாங்கினா பி. சாதாரண ஸ்பெக்ஸ் மாடலுக்கு எஃப் வரைக்கும்தான் உண்டு. பி வேணும்னா முகத்தோட ஒட்டி உட்கார்ற காகிள்ஸோ ஷீல்டோதான். அமெரிக்க முத்திரைன்னா இசட்87க்குப் பின்னாடி ஒரு கூட்டல் குறி இருக்கான்னு பாருங்க. நம்ம நாட்டுத் தரத்துக்கு ஐஎஸ் 5983. ரோட்டோரம் 40 ரூபாய்க்குத் தொங்கறதுல இதெதுவும் இருக்காது.

ஷீல்டு மட்டும் போதுமான்னு கேட்டீங்க. போதாதுங்க. ஷீல்டு மூஞ்சிக்கு, காகிள்ஸ் கண்ணுக்கு. ஷீல்டுக்குக் கீழ, தாடைப் பக்கம் திறந்துதான் கிடக்கும். குனிஞ்சு வெட்டும்போது பொறி நெஞ்சுல பட்டு மேல ஏறி உள்ளயே சுத்தும். போதாததுக்கு, வெட்டி முடிச்ச உடனே ஷீல்டைத் தலைக்கு மேல தூக்கிட்டு வெட்டினதைக் குனிஞ்சு ஊதிப் பார்ப்போம் பாருங்க, அந்த நேரத்துல கண்ணு வெறுங்கண்ணு. அதனால உள்ள காகிள்ஸ், மேல ஷீல்டு. ஏஜி4, கம்பி பிரஷ், மர லேத் மூணுக்கும் ரெண்டும் வேணும். டிரில்லிங்குக்கு காகிள்ஸ் போதும்.

கம்பி பிரஷ்ஷைத் தனியாச் சொல்லணும். துரு எடுக்க மாட்டற கப் பிரஷ்ல இருந்து ஒவ்வொரு கம்பியாக் கழண்டு ஊசி மாதிரிப் பறக்கும். சட்டையில குத்தி நிக்கறதை நானே பிடுங்கியிருக்கேன். வெட்டறதை விட எனக்கு இதுலதான் பயம் அதிகம்.

ஏஜி4ல மரம் வெட்டற பல்லு பிளேடு மாட்டறதை எங்க ஊர்ல எல்லாத் தச்சுப் பட்டறையிலயும் பார்க்கறேன். அஞ்சு இஞ்ச் டிஸ்க் போடணும்னு, டிஸ்க்கை மூடியிருக்கற தடுப்பை, அதான் கார்டைக் கழட்டி வீசறதும் நடக்குது. கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறேன், ரெண்டும் வேண்டாம் சார். பல்லு ஒரு கணுவுல மாட்டினா மெஷின் நேரா மூஞ்சிக்குத்தான் எகிறும். கார்டு இல்லாத மெஷினுக்கு எந்த ஷீல்டும் ஈடு இல்ல. புது டிஸ்க் மாட்டினா, டிஸ்க் சுத்தற நேர்கோட்டுல யாரும் நிக்காம ஒரு நிமிசம் சும்மா ஓட விட்டுப் பாருங்க. டிஸ்க் நடுவுல இருக்கற இரும்பு வளையத்துல மாசமும் வருசமும் அடிச்சிருக்கும், அதான் காலாவதி. ஈரம் பட்டதும் கீழ விழுந்ததும் குப்பைக்குப் போகட்டும்.

பாப்பாவைப் பத்தி எழுதியிருந்தீங்க. கூட நிக்கறவங்களுக்குத்தான் முதல் காகிள்ஸ். பிடிச்சு வெட்டறவனுக்குப் பொறி எந்தப் பக்கம் போகும்னு தெரியும், நிக்கறவங்களுக்குத் தெரியாது. ஆனா சின்னக் குழந்தைகளைப் பிடிக்கச் சொல்லவே வேண்டாம். ரெண்டு சி கிளாம்ப் வாங்கிக்குங்க, அது மறுமுனையைப் பிடிச்சுக்கும்.

மதுரை_கண்நல_உதவியாளர்:

அண்ணே, நான் கண் மருத்துவமனையில 12 வருசமா வேலை பார்க்கிறேன். டர்னர் அண்ணன் சொன்ன சந்து விஷயம் நூத்துக்கு நூறு உண்மை. வெல்டிங், கிரைண்டிங் ஆளுங்க பாதிப் பேரு "கண்ணாடி போட்டிருந்தேன்மா"ன்னு சொல்லிட்டேதான் வருவாங்க.

எங்ககிட்ட வர்றவங்கள்ல சில பேருக்குத் தூள் விழுந்தது வெட்டும்போது இல்ல, வேலை முடிஞ்ச பிறகு. புருவத்துலயும் தலைமுடியிலயும் தூள் உட்கார்ந்திருக்கும். காகிள்ஸைக் கழட்டி நெத்தி வேர்வையைத் துடைப்பாங்க, இல்ல அப்படியே முகத்துல தண்ணி அடிப்பாங்க. அத்தனையும் கண்ணுக்குள்ள இறங்கும். காகிள்ஸைக் கழட்டாமலே தலையைக் குனிஞ்சு முடியையும் புருவத்தையும் தட்டிவிடுங்க, கையைக் கழுவுங்க, அப்புறமாக் கழட்டுங்க. தூளை ஏர் அடிச்சுத் துரத்தறதும் கூடவே கூடாது.

கருவிழியோட நடுப்பகுதி அரை மில்லிமீட்டர் கனம்தான். இரும்புத்தூள் அதுல ஒட்டினா சில மணி நேரத்துலயே துரு இறங்க ஆரம்பிச்சிடும். நீங்க மறுநாள் காலையிலயே வந்ததால வளையத்தோட போச்சு. மூணு நாள் கழிச்சு வர்றவங்களும் உண்டு. அதுக்குள்ள கர்ச்சீப் முனை, தீக்குச்சி, நாக்கால எடுக்கறது, தாய்ப்பால் விடறதுன்னு எல்லாம் நடந்திருக்கும். தண்ணியில அலசியும் போகலன்னா தேய்க்காம நேரா வந்துடுங்க. மரத்துப்போற சொட்டை மட்டும் வாங்கி வீட்டுல வச்சு விட்டுக்காதீங்க. வலி தெரியாது, ஆனா புண் ஆறாது.

ரொம்பப் பயப்பட வேண்டியது வலிக்காத அடி. சுத்தியலால உளியை அடிக்கும்போது சில்லு தெறிச்சா அது கண்ணைத் துளைச்சு உள்ளயே போய்டும். சின்னதா ஒரு சுருக், அவ்வளவுதான். பார்வைகூட நல்லா இருக்கும். உள்ள கிடக்கற இரும்பு மெல்லக் கரைஞ்சு விழித்திரையைக் கெடுக்கும். சுத்தியல், உளி, கம்பி பிரஷ் வேலையில கண்ணுல ஏதோ பட்ட மாதிரி இருந்தா, வலி இல்லாட்டியும் வாங்க. கண்ணை அமுக்காதீங்க, கழுவாதீங்க, ஒரு பேப்பர் கப்போட அடிப்பாகத்தை வெட்டி அழுத்தாம மூடிட்டு வாங்க. எப்படி அடிபட்டுச்சுன்னு மறக்காமச் சொல்லுங்க. உள்ள இரும்பு இருக்கலாம்னு சந்தேகம் இருந்தா எக்ஸ்ரேயோ சிடி ஸ்கேனோதான் எடுக்கணும். எம்ஆர்ஐ காந்தம் அந்தத் துண்டை அசைச்சிடும்.

மர லேத் வச்சிருக்கறதாச் சொன்னீங்க. மரச்சில்லு பட்ட கண்ணுல பூஞ்சைப் புண் வரும், நம்ம பக்கம் இது அதிகம். ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் சிவக்கும், கருவிழியில வெள்ளையாப் படரும். அப்ப மெடிக்கல்ல கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விட்டா பூஞ்சைக்குத் தீனி போட்ட மாதிரி. கைகூப்பிக் கேட்கிறேன், அதை மட்டும் செய்யாதீங்க.

அம்பத்தூர்_தச்சு:

அண்ணா, எல்லாம் சரி. ஆனா சென்னை வெக்கைல காகிள்ஸ் மாட்டினா ரெண்டே நிமிஷத்துல ஆவி கட்டி ஒண்ணும் தெரியல. அதனாலதான் கழட்டி வச்சிடறேன். இதுக்கு என்ன வழி?

பீளமேடு_டர்னர்:

தம்பி, நீங்க வச்சிருக்கறது சுத்தியும் ஓட்டை போட்ட மாடலா, ஓட்டையே இல்லாததா? ஓட்டை நேரா இருந்தா தூள் வரும், இல்லாட்டி ஆவி கட்டும். ஓட்டைக்கு மேல மூடி வச்சு, காத்து வளைஞ்சு வர்ற மாதிரி ஒரு மாடல் இருக்கு, அதை வாங்குங்க. லென்ஸ் உள்பக்கம் பாத்திரம் தேய்க்கற லிக்விட் ஒரு சொட்டு விட்டுத் தடவி, காயவச்சு, மெத்துன்னு பழந்துணியால துடைங்க, ஒரு வேளைக்குத் தாங்கும். மாஸ்க் போட்டிருந்தா மூக்குக் கம்பியை நல்லா அமுக்கி விடுங்க, மூச்சு மேல ஏறிதான் பாதி ஆவி. அப்படியும் கட்டினா மெஷினை நிறுத்தி, தூரமா வந்து துடைச்சுட்டுப் போங்க. தெரியாம வெட்டறதும் வேண்டாம், கழட்டிட்டு வெட்டறதும் வேண்டாம்.

பவானி_மாடித்தோட்டம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து ஈரோடு போய் பி முத்திரை போட்ட காகிள்ஸ் ரெண்டு, ஷீல்டு ஒண்ணு, சி கிளாம்ப் ரெண்டு வாங்கிட்டேன். காகிள்ஸ் பவர் கண்ணாடிக்கு மேலயே உட்காருது, கன்னத்தோட ஒட்டிக்குது. சுண்டு விரலை நுழைச்சுப் பார்த்தேன், போகல. ரெண்டையும் மெஷின் பிளக்கு மேலயே ஆணி அடிச்சுத் தொங்க விட்டிருக்கேன், அதை எடுக்காம சுவிட்ச்சுல கை வைக்க முடியாது. பொண்ணு சாய்ப்பு வாசல்ல சாக்பீஸால ஒரு கோடு போட்டு, "அப்பா வெட்டும்போது நான் இதுக்கு அந்தப் பக்கம்"னு எழுதி வச்சிருக்கா.

ஒரு சந்தேகம் மட்டும். ஷீல்டுல பெயின்ட் பட்டா தின்னர்ல துடைக்கலாமா?

பீளமேடு_டர்னர்:

தின்னர் வேண்டவே வேண்டாம் சார். அது பாலிகார்பனேட்டு, தின்னர் பட்டா கண்ணுக்குத் தெரியாம நுண்விரிசல் விட்டுடும், அப்புறம் அடி வாங்காது. சோப்புத் தண்ணியில கழுவுங்க. போகலைன்னா முன் ஷீட்டு மட்டும் தனியாக் கிடைக்கும், மாத்திக்குங்க. கீறல் விழுந்து மங்கினாலும் அப்படித்தான்.