ஓபிஎன்சென்ஸ் ஃபயர்வாலுக்கு எந்த நெட்வொர்க் கார்டு?

புதுரவுட்டர்:
பழைய டெஸ்க்டாப்பில் ஓபிஎன்சென்ஸ் (ஃப்ரீபிஎஸ்டி ஓஎஸ் மேல் ஓடும் ஃபயர்வால், ரவுட்டர் மென்பொருள்) போட்டிருக்கிறேன். மதர்போர்டில் ரியல்டெக் 8111 போர்ட் ஒன்று, காலியாக ஒரு பிசிஐஇ எக்ஸ்4 ஸ்லாட். இணைப்பு 1 கிகாபிட், பிபிபிஓஈ (ஒவ்வொரு பாக்கெட்டையும் கூடுதல் உறையில் போட்டு அனுப்பும் முறை). சுமை ஏறினால் போர்ட் சில நொடி செத்துப் பிழைக்கிறது. லாகில் 'வாட்ச்டாக் டைம்அவுட்'. நான்கு போர்ட் இன்டெல் கார்டு வாங்குவதா, 2.5 கிகாபிட்டாகவே பார்ப்பதா?

மூன்றாம்_அடுக்கு:
ஃப்ரீபிஎஸ்டியோடு வரும் ரியல்டெக் டிரைவரின் பழைய வியாதி அது. அனுப்பும் வரிசை தேங்கி, சிப்பிடமிருந்து பதில் வராவிட்டால் டிரைவர் கார்டை ரீசெட் செய்யும். ஓஎஸ்-ரியல்டெக்-ஆர்ஈ பிளக்இன் போட்டால் ரியல்டெக்கின் சொந்த டிரைவர் வரும், பெரும்பாலும் அடங்கிவிடும். லினக்ஸில் இதே சிப் ஒழுங்காகவே ஓடும், ஆகவே பழியை முழுக்கச் சிப் மேல் போட முடியாது. இருந்தாலும் வான் போர்ட்டை (இணையம் வரும் பக்கம்) அதன் தலையில் கட்டாதீர்கள்.

கிகாபிட் போதுமென்றால் இன்டெல்லின் நான்கு போர்ட் கார்டான ஐ350-டி4. எக்ஸ்4 நீளமுள்ள ஸ்லாட்டில் உள்ளே ஒரே லேன் (பிசிஐஇ தரவுப் பாதை) மட்டும் இருக்கும் போர்டுகளும் உண்டு, மேனுவலைப் பாருங்கள். அப்படியே இருந்தாலும் பயமில்லை: பிசிஐஇ 2.0 லேன் ஒன்று ஒரு திசைக்கு நொடிக்கு 500 மெகாபைட், கிகாபிட் போர்ட் ஒன்றுக்கு வேண்டியது 125.

2.5 வேண்டுமென்றால் கவனம். இன்டெல்லின் 2.5 கிகாபிட் சிப்பான ஐ225-இன் தொடக்கப் பதிப்புகள் பாக்கெட்டுகளுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளியைச் சரியாக விடாததால் சில சுவிட்சுகளோடு பாக்கெட் தொலைந்தது. பி3 பதிப்பு பரவாயில்லை. விற்பவருக்குப் பதிப்பு தெரியாவிட்டால் அதற்கடுத்த சிப்பான ஐ226 எடுங்கள். அதில் இணைப்பு அவ்வப்போது விழுந்தால் முதலில் பயாஸில் ஏஎஸ்பிஎம்மை (பிசிஐஇ மின்சேமிப்பு வசதி) அணைத்துப் பாருங்கள்.

தாமதமானி:
கார்டை மாற்றினால் மட்டும் முழு கிகாபிட் வந்துவிடாது. ஐ350 போர்ட்டுக்கு 8 வரிசை தருகிறது, ஆனால் ஐபி முகவரியைப் பார்த்துத்தான் எது எந்த வரிசைக்கு என்று பிரிக்கும். பிபிபிஓஈ உறைக்குள் ஐபி ஹெடர் மறைந்துகிடப்பதால் வருவதெல்லாம் ஒரே வரிசையில், ஒரே கோரில் குவியும். மற்ற கோர்கள் சும்மா இருக்க, ஒன்று மட்டும் 100 சதவீதத்தில் திணறும். டியூனபிள்ஸ் பக்கத்தில் நெட்.ஐஎஸ்ஆர்.டிஸ்பேட்ச் மதிப்பை 'டெஃபர்டு' ஆக்குங்கள், வேலை மற்ற கோர்களுக்கும் பிரியும். புராசசர் வாங்குவதாக இருந்தால் கோர் எண்ணிக்கையைவிட ஒற்றைக் கோரின் வேகத்தைப் பாருங்கள்.

டிஎஸ்ஓ (போகும் பாக்கெட்டை வெட்டுவது), எல்ஆர்ஓ (வரும் பாக்கெட்டுகளை ஒட்டுவது) என்ற கார்டு வசதிகள் இரண்டையும் அணைத்தே வையுங்கள். அவை சர்வருக்கும் பயனர் கணினிக்கும் ஆனவை. வந்த பாக்கெட்டுகளை ஒட்டிப் பெரிதாக்கிக் கொடுத்தால் ரவுட்டர் அதை அப்படியே முன்னே தள்ள முடியாது.

புதுரவுட்டர்:
நன்றி. ஐ350 மலிவாகக் கிடைக்கிறது, போலி நிறைய என்கிறார்களே?

மூன்றாம்_அடுக்கு:
உண்மைதான். 'புத்தம் புதிது' என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு வருவதை ஒதுக்குங்கள். சர்வரிலிருந்து கழற்றிய டெல், எச்பி கார்டு பழையதானாலும் மேல். நான்கு போர்ட்டின் மேக் முகவரிகளும் (ஒவ்வொரு போர்ட்டுக்குமான வன்பொருள் எண்) அடுத்தடுத்து வர வேண்டும்; எல்லாம் ஒன்றாகவோ தாறுமாறாகவோ இருந்தால் திருப்பி அனுப்புங்கள். பிராக்கெட் குட்டையா, முழு உயரமா என்று முன்பே கேளுங்கள். இது சின்ன விஷயம்தான், ஆனால் கார்டு வந்தபின் கேஸில் திருக முடியாமல் போவது இதனால்தான்.

தாமதமானி:
சோதிக்கும்போது ஐபெர்ஃபை (நெட்வொர்க் வேகம் அளக்கும் கருவி) ரவுட்டரிலேயே ஓட்டாதீர்கள். இரு பக்கமும் ஒவ்வொரு கணினி வைத்து, ரவுட்டர் வழியாக ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். முழு அளவுப் பாக்கெட்டில் கிகாபிட் என்பது நொடிக்கு ஏறக்குறைய 81,000 பாக்கெட். 64 பைட்டில் அது 14.88 லட்சம். இணைய வேகச் சோதனை முதலாவதைத்தான் காட்டும், ஆகவே சின்னப் பாக்கெட்டிலும் ஒருமுறை ஓட்டுங்கள். நெட்ஸ்டாட் கட்டளை காட்டும் உள்வரும் பிழை எண் ஏறினால், கார்டைக் கழற்றுமுன் கேபிளை மாற்றுங்கள்.