ரயிலோடு இணைந்த ஓட்டுநரில்லா டாக்சி: தேவைக் கணிப்பில் சிக்கல்

வணக்கம். ரயில் நிலையத்துக்கு வந்துபோகப் பலர் பகிர்ந்துகொள்ளும் ஓட்டுநரில்லா டாக்சிகளுக்கு எவ்வளவு தேவை இருக்கும் என்று பயணிகளின் நடமாட்டத்தைக் கணினியில் சுற்றுச் சுற்றாக ஓட்டிப் பார்க்கும் மாட்சிம் (MATSim) மென்பொருளில் கணித்துவருகிறேன். தேவை கூடினால் காத்திருப்பு நீள்கிறது. அது நீண்டால் பயணிகள் விலக, தேவை சரிகிறது. நெரிசல் நேரத்தில் இந்தச் சுழற்சி எங்கும் நிலைகொள்ளாமல் ஊசலாடுகிறது. காத்திருப்பு நேரத்தை முந்தைய சுற்றுகளோடு சராசரி எடுத்தால் அடங்குமா, அல்லது வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்க்க வேண்டுமா?

இன்னொன்று: டாக்சியும் ரயிலும் சேர்ந்த பயணத்தை அடுக்கு லாஜிட் மாதிரியில் (ஒத்த பயண வழிகளை ஒரே கிளையில் தொகுத்து, பயணிகள் எதைத் தேர்வார்கள் என்று கணிப்பது) ரயிலின் கிளையாக வைப்பதா, தனி வழியாகவா? டாக்சியிலேயே கடைசிவரை போய்விடுபவர்களும் உண்டே. ரயிலுக்குத் துணையே போட்டியாகவும் நிற்கிறது. கருத்துக்கணிப்பு எண்களை மட்டும் நம்பத் தயக்கம். இன்னும் ஏறிப் பார்க்காத வண்டி என்றால் எல்லோரும் தாராளமாகத்தான் பதில் சொல்வார்கள்! செய்து பார்த்தவர்கள் வழி சொல்லுங்கள்.