‘சிக்னலிங் பாத்வே’: சமிக்ஞையா, குறிகையா, அல்லகுறியா?

மொழிபெயர்ப்பவர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் பற்றிய கையேட்டை நோயாளிகளுக்காகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 24 பக்கங்களில் 23 முடிந்துவிட்டன. மிச்சமுள்ள ஒரு பக்கத்தோடு மூன்று நாளாகப் போராடுகிறேன். ‘சிக்னலிங் பாத்வே’ அதில் ஒன்பது இடங்களில் வருகிறது. ‘சமிக்ஞைப் பாதை’ என்று எழுதி என் தாயாரிடம் படித்துக் காட்டினேன். “ரயில் பாதையைப் பற்றியா?” என்று கேட்டார்.

சொல்ல வேண்டியது இதுதான். வளர்ச்சிக் காரணி ஒன்று வெளியிலிருந்து வந்து, உயிரணுவின் சவ்வில் உள்ள ஏற்பியில் அமர்கிறது. ஏற்பி ராஸ் என்ற புரதத்தை எழுப்புகிறது. ராஸ் ராஃபை எழுப்பும், ராஃப் மெக்கை, மெக் எர்க்கை. எர்க் உட்கருவுக்குள் போய், உயிரணு பிரிந்து பெருகுவதற்கான மரபணுக்களை இயக்கிவிடுகிறது. இந்த ஏற்பாடு முழுவதற்கும் ஒரே பெயர் வேண்டும். உதவுங்கள்.

புலவர் ஐயா எழுதியது:

தம்பி, சமிக்ஞையை விட்டுவிடுங்கள். அது வடமொழிச் ‘சம்ஞா’. நம் கையில் ‘குறி’ என்ற வேர் இருக்க, ஏன் கடன் வாங்க வேண்டும்? ‘எல்லாச் சொல்லும் பொருள்குறித் தனவே’ என்பது தொல்காப்பியம். ‘குறிப்பறிதல்’ என்ற ஒரே தலைப்பில் வள்ளுவர் இரண்டு அதிகாரங்கள் வைத்தார். 71ஆம் அதிகாரம் அரசவைக்கு, 110ஆம் அதிகாரம் காதலுக்கு. வாய் திறவாமல் தெரிவிப்பதும் அதை அறிந்துகொள்வதும் இரண்டிலும் உண்டு. உயிரணு செய்வதும் அதுதானே? மின்னணுவியல் எழுதுவோர் ‘குறிகை’ என்று முன்பே வழங்குகிறார்கள். ‘பாதை’யும் வேண்டாம். ‘தடம்’ என்றால் நடந்து நடந்து பதிந்த வழி. குறிகைத்தடம். ஏழே எழுத்து.

உயிரியல் ஆசிரியை எழுதியது:

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் பதினோராம் வகுப்பில் ‘குறிகை’ என்று கரும்பலகையில் எழுதினால், முதல் பத்து நிமிடம் அந்தச் சொல்லை விளக்குவதிலேயே போய்விடும். சமிக்ஞை அவர்கள் செய்தித்தாளில் பார்த்துப் பழகிய சொல். ஒருமுறை ‘சமிக்ஞை கடத்தல்’ என்று எழுதினேன். யார் யாரைக் கடத்தினார்கள் என்று ஒரு பையன் கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை, அவனுக்கு உண்மையாகவே புரியவில்லை. அன்றோடு ‘கடத்தல்’ என் பாடத்திலிருந்து போயிற்று.

எனக்குச் சிக்கல் ‘பாதை’, ‘தடம்’ இரண்டிலுமே இருக்கிறது. எந்தப் பொருளும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பயணம் போவதில்லை. ராஃப் மெக்கின் மீது பாஸ்பேட் என்ற சிறு வேதித் துண்டை ஒட்டுகிறது. மெக் விழித்துக்கொண்டு எர்க்கின் மீது ஒட்டுகிறது. இதைக் காட்ட, ஐந்து பேரை வரிசையில் நிறுத்திக் கண்ணை மூடச் சொல்வேன். பின்னால் நிற்பவர் தோளைத் தொட்டால்தான் முன்னால் நிற்பவர் தோளைத் தொட வேண்டும். இரண்டு சுற்று ஒழுங்காக நடந்த பிறகு, மூன்றாவதாக நிற்கும் பெண்ணின் காதில் மட்டும், “உன்னை யாரும் தொடாவிட்டாலும் தொட்டுக்கொண்டே இரு” என்று சொல்வேன். முதல் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். கடைசிப் பையன் நிறுத்தாமல் கை தட்டிக்கொண்டிருப்பான். மெலனோமா புரிந்துவிடும். என் வாக்கு ‘சமிக்ஞைத் தொடர்’.

தோல் மருத்துவர் எழுதியது:

அம்மா சொன்ன அந்த மூன்றாவது பெண்தான் பிராஃப், ராஃப் குடும்பத்தில் ஒன்று. மெலனோமாக்களில் ஏறத்தாழப் பாதியில் அதன் மரபணு பிறழ்ந்திருக்கிறது என்று 2002இல் தெரியவந்தது. பெரும்பாலும் பிராஃப் புரதத்தின் அமினோ அமில வரிசையில் 600ஆவதாக வாலின் இருக்க வேண்டிய இடத்தில் குளுட்டமிக் அமிலம் வந்துவிடுகிறது. அந்த ஒரு மாற்றம் போதும், மேலிருந்து ஏவல் வராமலே பிராஃப் வேலை செய்யும்.

ஆனால் ‘வழி’ என்ற உருவகத்தை விட்டுவிடாதீர்கள். பிறழ்ந்த பிராஃபை அடக்கும் வெமுராஃபெனிப் என்ற மருந்து 2011இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கட்டிகள் வேகமாகச் சுருங்கின. சில மாதங்களில் பலருக்குத் திரும்பவும் வளர்ந்தன. ராஸில் புதிய பிறழ்வு வரும், அல்லது வேறொரு ஏற்பி மிகுதியாகும், எர்க் மறுபடி விழித்துவிடும். அதனால்தான் இப்போது பிராஃபை அடக்கும் மருந்தோடு மெக்கை அடக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுக்கிறோம். “ஒரு வழியை அடைத்தோம், நோய் வேறு வழி கண்டுபிடித்துவிட்டது” என்றால் நோயாளிக்கு உடனே விளங்குகிறது. ‘தொடர்’ என்று வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வேன்? தொடரை அடைக்க முடியாதே.

புலவர் ஐயா எழுதியது:

டாக்டர் எழுதியதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஏவல் வராமலே வந்ததுபோல் நடப்பதற்கு நம்மிடம் பெயர் இருக்கிறது: அல்லகுறி. தொல்காப்பியக் களவியலில் உள்ளது. இரவில் தலைவன் பறவையை எழுப்பியோ நீரில் கல்லெறிந்தோ தான் வந்ததைத் தெரிவிப்பான். காற்றில் ஒரு காய் உதிர்ந்து நீரில் விழுந்தாலும் அதே ஓசைதான். தலைவி அவன் வந்தான் என்று வெளியே வருவாள், யாரும் இருக்க மாட்டார்கள். இதுவே அல்லகுறிப்படுதல். குறி அல்லாததைக் குறி என்று கொண்டு உயிரணு புறப்படுவதும் அதுதான். ஆகவே இயல்பானது குறிகைத்தடம், பிறழ்ந்தது அல்லகுறித்தடம்.

தோல் மருத்துவர் எழுதியது:

ஐயா, மெய்சிலிர்த்தது. ஆனாலும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தலைவி கேட்டது பொய்க்குறி, ஆனால் ஓர் ஓசை இருந்தது. பிராஃப் பிறழ்வில் ஓசையே இல்லை. காய் விழவில்லை, அவளாகவே கதவைத் திறக்கிறாள். தலைவி ஏமாந்து திரும்பிவிடுவாள், பிறழ்ந்த பிராஃப் தானாகத் திரும்புவதில்லை.

திரும்பி அடங்குவது மச்சத்தில்தான். பெரும்பாலான சாதாரண மச்சங்களிலும் இதே பிராஃப் பிறழ்வு இருக்கிறது. நிறமி உயிரணுக்கள் கொஞ்சம் பெருகி அப்படியே நின்றுவிடுகின்றன. உயிரணு பிரிவதை நிறுத்தும் பி16 புரதம் போன்ற தடைகளை இழந்த பிறகே நிலைமை கைமீறுகிறது. தயவுசெய்து கையேட்டில் இதை எழுதுங்கள். பிராஃப் என்ற பெயரைக் கேட்டதும் தங்கள் மச்சத்தை எல்லாம் பார்த்து அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள்.

உயிரியல் ஆசிரியை எழுதியது:

இடையில் ஒன்று. மெலனோமாவுக்குக் ‘கரும்புற்று’ என்று முதல் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். என் மாணவி அதைக் ‘கரும்பு உற்று’ என்று பிரித்துப் படித்தாள். கரும்பு, உற்று என்று பிரிக்கவும் இலக்கணம் இடம் கொடுக்கிறதே. ‘கருநிறமிப் புற்று’ என்றால் எந்த உயிரணுவில் தொடங்கியது என்பதும் பெயரிலேயே தெரிந்துவிடும்.

மொழிபெயர்ப்பவர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கருநிறமிப் புற்று என்றே மாற்றிவிட்டேன், அடுத்த வரியில் மெலனோமா என்றும் வரும். மச்சம் பற்றிய பத்தியைச் சேர்த்துவிட்டேன். இதுவரை எழுதிய ஒன்பது பேரில் ஆறு பேர் ‘சமிக்ஞை வழித்தடம்’ போதும் என்கிறார்கள். அதையே வைக்கிறேன். முதலில் வரும் இடத்தில் இந்த விளக்கம்: “வெளியிலிருந்து வரும் ஏவலை உயிரணுவுக்குள் ஒரு புரதம் அடுத்த புரதத்திடம் ஒப்படைக்கும் வழி.” தாயாரிடம் படித்துக் காட்டினேன். ரயிலைப் பற்றிக் கேட்கவில்லை. “ஏவினவன் இல்லாமலே ஒப்படைத்தால்?” என்று கேட்டார். பிராஃப் பத்தியை அந்தக் கேள்வியோடுதான் தொடங்கியிருக்கிறேன்.

புலவர் ஐயா எழுதியது:

உங்கள் தாயாரின் கேள்விக்கு என் வணக்கம். சொல்லில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன். ‘ஏவல்’ என்று டாக்டரும் நீங்களும் எழுதிவிட்டீர்கள், யாரும் பொருள் கேட்கவில்லை. ‘ஏவல்தடம்’ என்று ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை? வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒன்றரை நாள் இருக்கிறது.